ஊசி முனையில் ஐந்து மில்லிவோல்ட்

பரணிலிருந்து இறக்கிய பழைய ஹெச்எம்வி ஃபியஸ்டா பெட்டி, தூசி தட்டி மின்சாரம் கொடுத்ததும் கணீரென்று பாடிவிடுகிறது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில் புது டர்ன்டேபிள் ஒன்றை வாங்கி, வீட்டிலிருக்கும் நல்ல ஆம்ப்ளிஃபயரின் 'ஆக்ஸ்' துளையில் செருகுகிறோம். வால்யூமைக் கடைசிவரை திருகினாலும் முனகல்தான் வருகிறது. தபேலாவின் கும்கி காணவில்லை. ஜால்ராவும் வயலினும் மட்டும் மெலிந்து கீச்சிடுகின்றன. தாத்தா காலத்துப் பெட்டிக்குக் கைவந்தது இன்றைய கருவிக்கு ஏன் வரவில்லை?

விடை, ஊசியைத் தாங்கியிருக்கும் கார்ட்ரிட்ஜில் இருக்கிறது. பழைய பெட்டிகளிலும் கல்யாண வீட்டு மைக் செட்டுகளிலும் பெரும்பாலும் பீங்கான் அல்லது படிக வகைக் கார்ட்ரிட்ஜ்களே இருந்தன. ஊசி ஆடும்போது உள்ளே இருக்கும் சிறு பட்டை வளையும், வளைந்தால் மின்னழுத்தம் பிறக்கும். அரை வோல்ட் அளவுக்குக்கூடக் கிடைக்கும் என்பதால் சாதாரண ஆம்ப்ளிஃபயரே போதும். ஆனால் அந்தப் பட்டையை வளைக்க ஊசி இசைத்தட்டின்மேல் கனமாக அழுந்த வேண்டும்: ஐந்து கிராம், சிலவற்றில் அதற்கும் மேல். கோயில் திருவிழாக்களில் குழாய் ஸ்பீக்கர்களுக்காக ஓடி ஓடி வெளுத்துப்போன தட்டுகளை இன்றும் பழைய சாமான் கடைகளில் பார்க்கலாம். அப்படித் தேய்ந்த பள்ளத்தை எந்த ஆம்ப்ளிஃபயராலும் மீட்க முடியாது.

இன்றைய கார்ட்ரிட்ஜ்கள் காந்த வகை. ஊசித்தண்டின் மறுமுனையில் துளியளவு காந்தம், அதன் பக்கத்தில் கம்பிச் சுருள். காந்தம் அசைந்தால் சுருளில் மின்சாரம் தூண்டப்படும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்ததுதான் இங்கே வேலை செய்கிறது. இரண்டு கிராம் அழுத்தம் போதும், தட்டு பிழைத்தது. ஆனால் கிடைக்கும் மின்னழுத்தம் மிகமிகச் சிறியது. காந்தம் நகரும் 'எம்எம்' வகையில் சுமார் 5 மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் இருநூறில் ஒரு பங்கு. சுருளே நகரும் 'எம்சி' வகையில் அதிலும் பத்தில் ஒரு பங்குதான். ஆக்ஸ் துளையோ சில நூறு மில்லிவோல்ட்டை எதிர்பார்க்கிறது. நடுவே நின்று இந்தக் குறையை நிரப்பும் கருவியின் பெயர் ஃபோனோ ஸ்டேஜ். தட்டு முன்பெருக்கி என்று தமிழில் சொல்லலாம். எம்எம் வகைக்கு அது சுமார் 100 மடங்கும், எம்சி வகைக்குச் சுமார் 1000 மடங்கும் பெருக்குகிறது.

சத்தம் மெலிந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. தபேலா காணாமல் போனது எப்படி?

காந்தக் கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம், ஊசி எவ்வளவு தூரம் விலகுகிறது என்பதைப் பொறுத்ததல்ல. எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதைப் பொறுத்தது. வினாடிக்கு 1000 முறை அதிரும் ஒரு சுரத்தை, உச்ச வேகம் வினாடிக்கு 5 சென்டிமீட்டர் இருக்கும்படி தட்டில் வெட்டினால், பள்ளம் நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 8 மைக்ரான் விலகும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதே வேகத்தில் வினாடிக்கு 50 முறை அதிரும் அடிநாதத்தை வெட்டினால், ஒரு பக்கம் போய்த் திரும்ப இருபது மடங்கு நேரம் கிடைப்பதால் விலகலும் இருபது மடங்காகி 160 மைக்ரானைத் தொடும். ஒரு எல்பி தட்டில் அடுத்தடுத்த பள்ளங்களுக்கு நடுவே இருப்பது ஏறக்குறைய 100 மைக்ரான்தான். தபேலாவின் ஒரு தட்டலுக்கே பள்ளம் பக்கத்துப் பள்ளத்துக்குள் புகுந்துவிடும். மறுபக்கம், வினாடிக்கு 10,000 முறை அதிரும் ஜால்ராவின் சிலிர்ப்புக்கு விலகல் 0.8 மைக்ரான் மட்டுமே. தட்டின் சொரசொரப்பிலும் தூசியிலும் அது கரைந்துபோகும்.

அதனால் தட்டு வெட்டும்போதே ஒலியைத் தெரிந்தே திரித்துவிடுகிறார்கள். அடிநாதத்தைக் குறைத்து, உச்சநாதத்தைக் கூட்டி வெட்டுகிறார்கள். வீட்டில் கேட்கும்போது ஃபோனோ ஸ்டேஜ் இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். பனியன் துணி துவைத்தால் சுருங்கும் என்று தெரிந்த திருப்பூர் கட்டிங் மாஸ்டர், எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் பார்த்து அந்த அளவுக்குப் பெரிதாக வெட்டுவாரே, அதே கணக்குதான் இது. அவர் நினைத்த சுருக்கமும் துணியின் உண்மையான சுருக்கமும் ஒத்துப்போனால்தான் சைஸ் சரியாக வரும். வெட்டுபவரும் கேட்பவரும் ஒரே கணக்கை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக, ஆர்சிஏ விக்டர் நிறுவனம் பயன்படுத்திய வளைவை அடிப்படையாக வைத்து, அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ 1954-ல் ஒரு பொது அளவை ஏற்றது. உலகமே பின்னர் அதைப் பின்பற்றியது. கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான நம் ஸ்டீரியோ எல்பிகளும் இந்தக் கணக்குக்குள் அடங்கியவைதான்.

அந்த அளவின்படி ஃபோனோ ஸ்டேஜ், நடு ஒலியை ஒரு மடங்கு என்று வைத்துக்கொண்டால், 20 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 20 முறை அதிரும் அடிநாதத்தை ஏறத்தாழ ஒன்பது மடங்கு கூட்டித் தரும். 20,000 ஹெர்ட்ஸ் உச்சநாதத்தை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். உச்சநாதத்தோடு சேர்ந்து தட்டின் 'உஸ்' இரைச்சலும் அடங்குவது இந்த ஏற்பாட்டின் பெரிய லாபம். ஃபியஸ்டா பெட்டிக்கு இந்தத் திருத்தம் ஏன் தேவைப்படவில்லை என்பதும் இப்போது விளங்கும். பீங்கான் கார்ட்ரிட்ஜ் வேகத்தை விட்டுவிட்டு விலகலை அளக்கிறது. அடிநாதக் குறைப்பின் பெரும்பகுதி அங்கே தானாகவே சரியாகிவிடுகிறது.

ஒரு ஃபோனோ ஸ்டேஜ் இதைச் சரியாகச் செய்கிறதா என்று எப்படித் தெரியும்? ஆர்ஐஏஏ வளைவுக்கு நேரெதிரான ஒரு சிறு மின்சுற்றின் வழியாகச் சோதனை ஒலியை அனுப்பி ஃபோனோ ஸ்டேஜுக்குக் கொடுப்பார்கள். வெளியே வருவது எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாக இருந்தால் கருவி சரி. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் 1979-ல் இந்தத் திருத்தச் சுற்றுகளை விரிவாக ஆராய்ந்து, புழக்கத்திலிருந்த பல வடிவமைப்புகளில் கணக்குப் பிழை இருப்பதைக் காட்டி, சரியான சூத்திரங்களையும் தந்தார். அதன்பின் இதைத் தப்பாகச் செய்வதற்குச் சாக்கு இல்லை. சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் என்இ5532 போன்ற சில்லை வைத்தே எம்எம் வகைக்குத் துல்லியமான, அமைதியான ஃபோனோ ஸ்டேஜ் கட்டலாம். விலைப்பட்டியலின் உச்சியில் இருக்கும் பெட்டிகளைப் பார்த்து ஏங்குபவர்கள் இதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

இனி நம் திருப்பூர்க் கதைக்கு வருவோம். 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஃபோனோ ஸ்டேஜ் நடு ஒலியைவிட ஏழு மடங்கு அதிகம் பெருக்குகிறது. எம்எம் வகையில் மொத்தம் 700 மடங்கு, எம்சி வகையில் 7000 மடங்கு. வினாடிக்கு 50 என்பது தபேலாவின் எல்லை மட்டுமல்ல, நம் மின்கம்பியின் சுருதியும் அதுதான். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைப் பக்கம் இறங்கி வந்ததிலிருந்து இந்த வட்டாரத்தின் பிழைப்பு மோட்டாரோடு பிணைந்துவிட்டது. திருப்பூரில் கீழே பவர் டேபிள் தையல் கூடம், மேலே வீடு என்று எத்தனையோ கட்டிடங்கள். பக்கத்துச் சந்தில் நிட்டிங், அதற்கடுத்து கம்ப்ரசர். பழைய கிளட்ச் மோட்டார்கள் 50 ஹெர்ட்ஸில் ஓயாமல் ஓடுகின்றன. அவற்றுக்குப் பதிலாக வந்த செர்வோ மோட்டார்களும் வேகக் கட்டுப்பாட்டு டிரைவ்களும் மின்சாரத்தை மிக வேகமாகத் துண்டித்துத் துண்டித்து இயங்குபவை. அந்தச் சிலுசிலுப்பு கம்பி வழியே வெளியே கசியும். மின்வெட்டுக் காலத்தில் வீடு வீடாக வாங்கிவைத்த சதுர அலை இன்வெர்ட்டர்கள் 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று ஒற்றைப்படை மடங்குகளில் இரைச்சலைச் சேர்க்கின்றன. வேறெந்த ஊரையும் போலவே இங்கேயும் ஃபோனோ ஸ்டேஜை மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் இங்கே கேள்வியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும்: கேட்கும் 'ம்ம்ம்' எங்கிருந்து வருகிறது?

அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை, முறை இருந்தால் போதும். ஊசியைத் தட்டில் வைக்காமல் வால்யூமை வழக்கமான அளவில் வையுங்கள். டர்ன்டேபிளிலிருந்து வரும் ஒயரை ஃபோனோ ஸ்டேஜிலிருந்து கழற்றுங்கள். வால்யூமை இறக்கிவிட்டுக் கழற்றுவது ஸ்பீக்கருக்கு நல்லது. காலித் துளையே கொஞ்சம் இரையும் என்பதால், முனைகளைக் குறுக்கிணைத்த ஒரு பிளக்கைச் செருகிக் கேட்பது துல்லியம். இரைச்சல் அப்படியே இருந்தால் குற்றவாளி ஃபோனோ ஸ்டேஜோ அதன் அடாப்டரோ. போய்விட்டால் கோளாறு அதற்கு முன்னால்: டர்ன்டேபிள், ஒயர், அல்லது எர்த். அடுத்து, இரைச்சலின் சுருதியைக் கவனியுங்கள். மழுமழுவென்று தாழ்ந்து ஒலித்தால் அது 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றியின் காந்தப்புலம் கார்ட்ரிட்ஜின் சுருளுக்குள் நேரடியாகப் புகுந்திருக்கலாம், அல்லது எர்த் கம்பி ஒரு வளையமாக மாறியிருக்கலாம். கரகரவென்று கூர்மையாக ஒலித்தால் அது 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். மாறுமின்சாரத்தை நேராக்கும் டயோடுகள் அலையின் இரண்டு பாதியையும் ஒரே பக்கம் திருப்புவதால் 50 இரட்டித்து 100 ஆகிறது, அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். செல்போனில் ஒலி அலைமாலை காட்டும் செயலி இருந்தால் இந்த இரண்டையும் கண்ணாலேயே பிரித்துப் பார்க்கலாம்.

ஆம்ப்ளிஃபயரின் கனத்த மின்மாற்றியிலிருந்து டர்ன்டேபிளை ஒரு முழம் நகர்த்தினாலே 50 ஹெர்ட்ஸ் சட்டென்று தணிவதைப் பலர் கண்டிருப்பார்கள். காந்தப்புலம் தூரத்தோடு வேகமாக மெலிவதே காரணம். டர்ன்டேபிளிலிருந்து தனியாக நீளும் மெல்லிய எர்த் ஒயரை ஃபோனோ ஸ்டேஜின் திருகில் மாட்ட மறந்தவர்கள் எத்தனையோ பேர். மாட்டியபின்னும் இரைச்சல் இருந்தால், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள், வளையம் சுருங்கிவிடும். ஒன்றை மட்டும் யாரும் செய்யக்கூடாது. இரைச்சல் போகட்டும் என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுவது உயிருக்கு உலை.

திருப்பூருக்கு மட்டும் கிடைத்த ஒரு நல்ல சோதனை ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சம்பளம் போட்டுக் கம்பெனிகள் சாத்தியபின், அதே தட்டை, அதே வால்யூமில் போடுங்கள். இரைச்சல் குறையாமல் இருந்தால் காரணம் உங்கள் வீட்டுக்குள். அடங்கிவிட்டால் அது கம்பி வழியாகவோ தரை வழியாகவோ வெளியிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கம்பி வழி வந்தால் நல்ல மின்வடிகட்டியும் சரியான எர்த்தும் வேண்டும். தரை வழி வந்தால் கம்ப்ரசரின் அதிர்வு ஊசியைத் தொடுகிறது என்று பொருள். ஆடும் மேசையை விட்டுச் சுவரில் பதித்த பலகைக்கு டர்ன்டேபிளை மாற்றுவது, எந்தப் புதுப்பெட்டியையும்விட அதிகம் பயன் தரும். ஃபோனோ ஸ்டேஜில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி இருந்தால் அதையும் போடுங்கள். தட்டு நெளிந்திருந்தால் நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் அந்த நெளிவு வினாடிக்கு அரை முறைக்குக் கொஞ்சம் மேலே வந்து மோதி, காதுக்குக் கேட்காமலேயே ஸ்பீக்கர் கூம்பை உள்ளும் புறமும் தள்ளிக்கொண்டிருக்கும். இந்த வடிகட்டி அதைத் தடுக்கும்.

இரைச்சல் அடங்கியபின் வருவது பொருத்தம். நான் முக்கியம் என்று நினைப்பதும், கடைகளில் யாரும் பேசாததும் இதுதான். எம்எம் கார்ட்ரிட்ஜின் சுருள் ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்டது. அதற்கு மின்தூண்டல் அதிகம். ஒயரும் ஃபோனோ ஸ்டேஜின் நுழைவாயிலும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாக நடந்துகொள்கின்றன. சுருளும் தேக்கியும் சேர்ந்தால் ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு உண்டாகி அங்கே ஒலி மேடாகும், அதற்கு மேலே சரியும். மேடு எங்கே விழும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95இ கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்வோம். அதன் மின்தூண்டல் 550 மில்லிஹென்றி, மொத்தத் தேக்குத்திறன் 100 முதல் 200 பிகோஃபாரட் இருக்கட்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. 150 பிகோஃபாரட் என்றால் ஒத்ததிர்வு 17,500 ஹெர்ட்ஸ் வாக்கில் விழும். நம்மில் பலருக்கு அங்கே காதே கேட்பதில்லை, கவலையில்லை. நீளமான மலிவு ஒயரும், நுழைவிலேயே அதிகத் தேக்குத்திறன் வைத்த ஃபோனோ ஸ்டேஜும் சேர்ந்து 400-ஐத் தொட்டால், அந்த மேடு 11,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். பாடகியின் ஒவ்வொரு 'ஸ'வும் காதைக் குத்தும், அதற்கு மேலே இருக்கும் நுண்ணொலிகள் மங்கிப்போகும். 'இந்த ஃபோனோ ஸ்டேஜ் கடுமையாக ஒலிக்கிறது' என்று சொல்லி விற்றுவிட்டு வேறொன்று வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் ஒரு ஒயரைக் குட்டையாக்கியிருந்தால் போதுமாக இருந்திருக்கும்! மேம்படுத்த வேண்டும் என்றால், தேக்குத்திறனை மாற்றிவைக்கச் சின்ன சுவிட்சுகள் உள்ள கருவியைத் தேடுங்கள். எம்சி வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே பார்க்க வேண்டியது நுழைவுத் தடை. எம்எம்முக்கு 47,000 ஓம் என்பது பொது அளவு, எம்சிக்கு 100 ஓம் வாக்கில் தொடங்கிக் காதால் சரிபார்க்கலாம்.

நல்ல ஃபோனோ ஸ்டேஜுக்கு உண்மையாகவே கூடுதல் பணம் கொடுக்கலாம் என்று நான் சொல்லும் இடம், தலைக்கு மேல் அதற்கு இருக்கும் இடம், அதாவது எகிறும் ஒலியைத் தாங்கும் வசதி. தட்டில் சத்தமான இடங்களில் வேகம் சராசரியைப் போலப் பத்து மடங்குக்குக்கூட எகிறும். 5 மில்லிவோல்ட் 50 ஆகும். 100 மடங்கு பெருக்கினால் அது 5 வோல்ட். கம்ப்யூட்டரின் யுஎஸ்பி துளையிலிருந்து 5 வோல்ட்டில் ஓடும் மலிவுப் பெட்டி இவ்வளவைத் தர முடியாது, அலையின் உச்சியை மொட்டையாக வெட்டிவிடும். கீறல்களின் 'டக்' ஓசை இன்னும் கூர்மையானது. இட வசதி இல்லாத ஃபோனோ ஸ்டேஜ் அதில் மூச்சுமுட்டி, மீண்டு வரச் சிறிது நேரம் எடுத்துக்கொள்வதால் ஒரு சின்ன 'டிக்' நீண்ட 'டப்' ஆகக் கேட்கும். கூட்டல் 15, கழித்தல் 15 வோல்ட்டில் ஓடும் கருவி அதே கீறலை வந்த வேகத்தில் கடந்துவிடும். காற்றிலேயே பஞ்சு மிதக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஊசி நுனியில் ஒட்டிய பஞ்சைப் பின்னிருந்து முன்னாக மென்தூரிகையால் எடுப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

இரைச்சலைக் குறைக்க எது வரைக்கும் செலவழிப்பது? இதற்கு இயற்கையே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. எந்தக் கம்பியிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் இடைவிடாது நடுங்குகின்றன, அந்த நடுக்கமே மின்னழுத்தமாகிறது. பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் இதை அளந்தார், ஹாரி நைக்விஸ்ட் விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் 1928-ல் வந்தன. அந்தக் கணக்கின்படி எம்எம் கார்ட்ரிட்ஜின் சொந்த இரைச்சலே இசைக்குச் சுமார் 70, 80 டெசிபல் கீழே இருக்கும். 20 டெசிபல் என்பது மின்னழுத்தத்தில் பத்து மடங்கு. தட்டின் பள்ளத்து இரைச்சலோ நல்ல அச்சில்கூட 60 டெசிபல் அளவில்தான் நிற்கிறது. வீட்டிலேயே சோதிக்கலாம். ஊசி மேலே இருக்கும்போது வால்யூமைக் கூட்டி இரைச்சலைக் கேளுங்கள். பிறகு பாட்டு தொடங்குவதற்கு முந்தைய வெற்றுப் பள்ளத்தில் ஊசியை இறக்குங்கள். பள்ளத்து இரைச்சல் முந்தையதை முழுவதும் மூழ்கடித்தால், இன்னும் அமைதியான ஃபோனோ ஸ்டேஜ் வாங்கி எந்தப் பயனும் இல்லை. அந்தப் பணத்தை நல்ல ஊசிக்கும் தட்டு கழுவுவதற்கும் கொடுங்கள். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக்கிவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே காதுக்கு 'தெளிவு' என்று படும்.

ஒரு வகைத் தட்டுக்கு மட்டும் ஃபோனோ ஸ்டேஜை மாற்றாமல் முடியாது. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் குரலை 1930களில் சுமந்த 78 சுழற்சித் தட்டுகள் ஆர்ஐஏஏ அளவுக்கு இருபது வருடம் முந்தையவை. அப்போது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தது. பலவற்றில் உச்சநாதத்தைக் கூட்டி வெட்டும் வழக்கமே இல்லை. இன்றைய ஃபோனோ ஸ்டேஜ் இல்லாத கூட்டலைக் கழிக்கப் போய், 10,000 ஹெர்ட்ஸில் ஒலியை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். அந்தக் கணீர்க் குரல் போர்வைக்குள் போய்விடும். அடிநாதத் திருப்பத்தையும் உச்சநாதக் குறைப்பையும் தனித்தனியாக மாற்றிவைக்கும் குமிழ்கள் கொண்ட ஃபோனோ ஸ்டேஜ்கள் இதற்கென்றே இருக்கின்றன. ஊசியையும் மாற்ற வேண்டும். எல்பி ஊசியின் நுனி சுமார் 18 மைக்ரான் ஆரம் கொண்டது, 78-க்கு அது 75 மைக்ரான் வாக்கில் இருந்தால்தான் பள்ளத்தின் அடிமண்ணைத் தொடாமல் சுவர்களில் உட்காரும். தட்டில் ஒரே ஒரு தடம் என்பதால் ஃபோனோ ஸ்டேஜில் 'மோனோ' சுவிட்சையும் போட்டுவிடுங்கள். ஊசியின் மேல்கீழ் அசைவில் மட்டும் பிறக்கும் இரைச்சல் இரு பக்கமும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.